450 வாட் போதுமா, 850 வேண்டுமா? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். கிராபிக்ஸ் கார்டு வாங்கப் போகிறேன், அல்லது வாங்கிவிட்டேன், இருக்கிற எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் பவர் சப்ளை பெட்டி) தாங்குமா? அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இந்தப் பகுதி முழுவதையும் இதற்கே ஒதுக்கியிருக்கிறேன். கார்டுக்காக மாதக்கணக்கில் ஆராய்ச்சி செய்கிறவர்கள்கூட பவர் சப்ளை என்று வரும்போது கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். கம்ப்யூட்டரில் இருக்கிற அத்தனை பொருளும் அந்த ஒரு பெட்டியோடுதான் இணைந்திருக்கிறது. அது கெட்டுப் போகும்போது தனியாகப் போக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

கேள்வி: அண்ணா, என்னிடம் இருப்பது ரைசன் 5 5600 பிராசசர், 450 வாட் எஸ்எம்பிஎஸ். ஆர்டிஎக்ஸ் 4060 வாங்க ஆசை. ஆனால் அந்தக் கார்டுக்கு 550 வாட் பவர் சப்ளை வேண்டும் என்று என்விடியாவே சொல்கிறது. மாற்றியே ஆக வேண்டுமா? கையில் இருப்பது கார்டுக்கு மட்டும்தான் சரியாக இருக்கும்.

பதில்: தம்பி, முதலில் ஒரு கணக்குப் போடுவோம். ஆர்டிஎக்ஸ் 4060 முழு வேகத்தில் ஓடும்போது எடுப்பது 115 வாட். உங்கள் பிராசசர் பெட்டியில் 65 வாட் என்று போட்டிருந்தாலும் அது நிஜத்தில் 76 வாட் வரை போகும். மதர்போர்டு, ராம், எஸ்எஸ்டி, இரண்டு மூன்று ஃபேன், யூஎஸ்பியில் செருகியிருக்கும் சில்லறைச் சாமான்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்துத் தாராளமாக 60 வாட் வைத்துக்கொள்ளுங்கள். கூட்டினால் 251 வருகிறது. 450 எங்கே, 251 எங்கே!

அப்புறம் ஏன் 550 என்கிறார்கள்? கார்டு செய்கிறவர்களுக்கு உங்கள் வீட்டில் என்ன பிராசசர் இருக்கிறது என்று தெரியாது. இன்டெல் கோர் ஐ7 14700கே வைத்திருப்பவரும் அதே கார்டை வாங்குவார், அந்தப் பிராசசர் மட்டுமே 253 வாட் வரை இழுக்கும். லேபிளில் ஒன்று எழுதி உள்ளே வேறொன்று வைத்திருக்கும் மட்டமான எஸ்எம்பிஎஸ் வைத்திருப்பவரும் வாங்குவார். இவர்கள் எல்லோரையும் மனதில் வைத்துப் போட்ட எண் அது. ஆகவே உங்களிடம் இருப்பது நல்ல 450 வாட் எஸ்எம்பிஎஸ்ஸாக இருந்தால் போதும், மாற்ற வேண்டாம்.

நல்லதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கேபினெட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றுங்கள். எஸ்எம்பிஎஸ் மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், அதில் ஒரு சின்ன அட்டவணை. 3.3 வோல்ட், 5 வோல்ட், 12 வோல்ட் என்று தனித்தனிக் கட்டங்கள். கொட்டை எழுத்தில் இருக்கும் 450-ஐ மறந்துவிட்டு 12 வோல்ட் கட்டத்தை மட்டும் பாருங்கள், ஏனென்றால் கிராபிக்ஸ் கார்டும் பிராசசரும் கிட்டத்தட்ட முழுக்க முழுக்க அதிலிருந்துதான் குடிக்கின்றன. அங்கே 36 ஆம்பியர் என்று இருந்தால் 12-ஆல் பெருக்குங்கள், 432 வாட். அதாவது எழுதியிருக்கும் 450-இல் ஏறக்குறைய எல்லாமே உங்களுக்குப் பயன்படும் இடத்தில் இருக்கிறது. அதே இடத்தில் 20 ஆம்பியர் என்று இருந்தால் வெறும் 240 வாட்தான். மீதியை 5 வோல்ட்டிலும் 3.3 வோல்ட்டிலும் காட்டிக் கணக்கை நேர் செய்திருப்பார்கள், இன்றைய கம்ப்யூட்டரில் அதை எடுத்துக்கொள்ள ஆளே கிடையாது. சில லேபிளில் 12 வோல்ட் இரண்டு கட்டமாகப் பிரித்து 18 ஆம்பியர், 18 ஆம்பியர் என்று இருக்கும். அவசரப்பட்டு 36 என்று கூட்டிவிடாதீர்கள். கீழே இரண்டுக்கும் சேர்த்து மொத்த வாட் தனியாகக் கொடுத்திருப்பார்கள், அதுதான் கணக்கு.

எனக்கு இது புத்தகத்தில் படித்துத் தெரிந்த விஷயம் இல்லை. பல வருடங்களுக்கு முன்னால் கேபினெட்டோடு சேர்ந்து வந்த ஒரு 500 வாட் எஸ்எம்பிஎஸ்ஸை நம்பி 150 வாட் கார்டு ஒன்றைப் போட்டேன். ஒரு வாரம் நன்றாக ஓடியது. எட்டாவது நாள் ராத்திரி விளையாட்டின் நடுவில் டப் என்று ஒரு சத்தம், திரை இருண்டது, கொஞ்ச நேரத்தில் அறை முழுக்க மீன் கவிச்சி மாதிரி ஒரு வாடை. கார்டு தப்பித்தது, மதர்போர்டு போய்விட்டது. அடுத்த நாள் பழையதையும் புதிதாக வாங்கியதையும் ஒவ்வொரு கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தபோதுதான் வித்தியாசம் புரிந்தது, பழையது காலி டப்பா மாதிரி இருந்தது. கேபிளின் மேல் பொடி எழுத்தில் அச்சடித்திருக்கும் எண்ணை விளக்கில் காட்டிப் பார்த்தேன். புதியதில் 18 ஏடபிள்யூஜி, பழையதில் 20. இந்த அளவில் எண் கூடக்கூட உள்ளே இருக்கும் கம்பி மெலிந்துகொண்டே போகும். லேபிள் பொய் சொன்னாலும் எடையும் கம்பியும் சொல்லிவிடுகின்றன.

இன்னொன்று, உங்கள் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு வயது என்ன என்று நீங்கள் சொல்லவில்லை. உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்கள் சூட்டில் வருடக்கணக்கில் இருந்து வற்றும். நல்ல கம்பெனிகள் 5, 7, சிலவற்றுக்கு 10 வருடம் என்று வாரண்டி தருகின்றன. அந்தக் காலம் தாண்டிவிட்டது என்றால் இப்போதைக்குக் கார்டை வாங்கிப் போடுங்கள், அடுத்ததாகக் காசு சேர்ந்தவுடன் வாங்க வேண்டியது எஸ்எம்பிஎஸ் என்று இப்போதே முடிவு செய்துவிடுங்கள்.

கேள்வி: 1000 வாட் எஸ்எம்பிஎஸ் போட்டால் கரண்ட் பில் எகிறும் என்கிறாரே நண்பர்?

பதில்: எகிறாது. 1000 என்பது அதனால் கொடுக்க முடிகிற உச்சம், எப்போதும் இழுத்துக்கொண்டே இருக்கும் அளவு அல்ல. கம்ப்யூட்டர் 300 வாட் கேட்டால் 300 வாட்தான் போகும். 90 சதவீதத் திறன் உள்ள எஸ்எம்பிஎஸ் என்றால் சுவரிலிருந்து 333 வாட் எடுக்கும், மிச்சம் 33 வாட் சூடாகிப் போகும். 650 வாட் எஸ்எம்பிஎஸ் போட்டாலும் கணக்கு இதையொட்டித்தான் வரும்.

கேள்வி: சார், எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருக்கிறது. ஆர்டிஎக்ஸ் 3080 கார்டு, 750 வாட் கோல்டு எஸ்எம்பிஎஸ். என்விடியா சொன்ன அதே அளவு. கூட்டிப் பார்த்தால் 550 வாட்கூட வரவில்லை. ஆனாலும் சில கேம்களில் மட்டும் திடீரென்று மொத்தமாக அணைந்துவிடுகிறது, ஸ்விட்சை அணைத்துப் போட்டால்தான் மறுபடி உயிர் வருகிறது. விண்டோஸில் பார்த்தால் கெர்னல் பவர் 41 என்று ஒரு பிழை. எஸ்எம்பிஎஸ் போலியா?

பதில்: போலியாக இருக்க வேண்டும் என்று இல்லை. உங்கள் கணக்கும் தப்பில்லை, ஆனால் நீங்கள் கூட்டியது சராசரியை.

தண்ணீர் மோட்டார் போடும்போது வீட்டில் எரிகிற பல்ப் ஒரு கணம் மங்கித் திரும்புவதைப் பார்த்திருப்பீர்கள். ஓட ஆரம்பித்த பிறகு மோட்டார் சாதுவாகத்தான் எடுக்கும், கிளம்பும் அந்த நொடியில் பல மடங்கு இழுக்கும். கிராபிக்ஸ் கார்டு இதையே ஒரு நொடியில் ஆயிரக்கணக்கான தடவை செய்கிறது. ஒரு காட்சியிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது வேலை திடீரென்று குறையும், திடீரென்று குவியும். 320 வாட் கார்டு என்பது சராசரி. அதில் மைக்ரோநொடிக் கணக்கில் அதற்கு மேல் ஒரு பாய்ச்சல் வந்து போகும், இரண்டு மடங்கை நெருங்குவதும் உண்டு. சாதாரண வாட் மீட்டரில் இது தெரியவே தெரியாது. ஆனால் எஸ்எம்பிஎஸ் உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சுற்றுக்குத் தெரியும். அளவுக்கு மீறி மின்னோட்டம் போகிறது, எங்கோ ஷார்ட் ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு அது மொத்தத்தையும் அணைத்துவிடும். ஸ்விட்சை அணைத்துப் போட்டால்தான் உயிர் வருகிறது என்றீர்கள் இல்லையா, அதுதான் முக்கியமான துப்பு. பாதுகாப்புச் சுற்று பூட்டிக்கொண்டால்தான் அப்படி ஆகும். மாறாக, திரை மட்டும் கறுத்து, ஃபேன் முழு வேகத்தில் கத்திக்கொண்டு, கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டே இருந்தால் கார்டையோ டிரைவரையோ கார்டுக்கு வரும் கேபிளையோ முதலில் சந்தேகப்பட வேண்டும்.

அந்த 41 எண் பிழையைப் பார்த்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். "முறைப்படி அணைக்காமல் கம்ப்யூட்டர் நின்றுவிட்டது" என்பதைத் தவிர அது எதையும் சொல்வதில்லை. பிளக்கைப் பிடுங்கினாலும் அதே பிழைதான் வரும்.

காசு செலவழிக்கும் முன் செய்ய வேண்டியது இரண்டு. கார்டுக்குப் போகும் கேபிளைப் பாருங்கள். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து ஒரே கேபிள் கிளம்பி, நுனியில் இரண்டு எட்டு பின் தலைகளாகப் பிரிந்து இரண்டையும் கார்டில் செருகியிருக்கிறீர்களா? நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள், பார்க்க அழகாக இருக்கிறது என்று. 220, 230 வாட்டுக்கு மேல் எடுக்கும் கார்டுக்கு அது வேண்டாம். எஸ்எம்பிஎஸ்ஸின் இரண்டு தனித்தனித் துளைகளிலிருந்து இரண்டு தனிக் கேபிள் கொடுங்கள், உங்களுடையது மூன்று தலை உள்ள கார்டு என்றால் குறைந்தது இரண்டு கேபிளாவது வேண்டும். அடுத்து, எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் பவர் லிமிட்டை, அதாவது கார்டு எடுக்கலாம் என்ற மின்சார வரம்பை, 80 சதவீதத்துக்கு இறக்கி இரண்டு நாள் விளையாடிப் பாருங்கள். வேகம் கொஞ்சம்தான் குறையும், பல கேம்களில் கண்ணுக்கே தெரியாது. அதன் பிறகு அணையவில்லை என்றால் நோய் உறுதியாகிவிட்டது. அப்படியே ஓட்டுவதும் ஒரு நல்ல தீர்வுதான், அவமானம் ஒன்றும் இல்லை.

மாற்றுவது என்று முடிவு செய்தால் ஏடிஎக்ஸ் 3.0 அல்லது 3.1 என்று குறித்திருப்பதை வாங்குங்கள். இந்தப் பாய்ச்சலுக்காகவே இன்டெல் 2022-இல் திருத்தி எழுதிய விதிமுறை அது. புதிய கார்டுகளுக்கான 16 பின் கனெக்டரோடு வரும் 450 வாட்டுக்கு மேற்பட்ட எஸ்எம்பிஎஸ், தன் மொத்த அளவைப் போல இரண்டு மடங்கை 100 மைக்ரோநொடி நேரம் அணையாமல் தாங்க வேண்டும் என்கிறது. 750 வாட் என்றால் அந்தக் கண நேரத்துக்கு 1500. உங்கள் பழைய 750-க்கும் புதிய 750-க்கும் லேபிளில் எண் ஒன்றாக இருந்தாலும் நடத்தை வேறு. எஸ்எம்பிஎஸ்ஸைத் திறந்து பாதுகாப்புச் சுற்றை மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். உள்ளே பெரிய கெப்பாசிட்டர் ஒன்றில் 400 வோல்ட்டை ஒட்டி மின்சாரம் நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும். அது ஆளைக் கொல்லக்கூடியது.

கேள்வி: புரோன்ஸ், கோல்டு, பிளாட்டினம் என்று இருக்கிறதே, கோல்டு வாங்கினால் கார்டு பாதுகாப்பாக இருக்கும் என்று அர்த்தமா?

பதில்: அந்த அர்த்தம் இல்லை, ஆனால் கோல்டு வாங்குவது தப்பும் இல்லை. 80 பிளஸ் என்ற அந்தச் சான்றிதழ் 2004-இல் தொடங்கியது, அளப்பது ஒன்றே ஒன்றைத்தான்: சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் எத்தனை சதவீதம் வீணாகாமல் கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேர்கிறது. 115 வோல்ட் சோதனையில் புரோன்ஸ் பாதி லோடில் 85 சதவீதம் தர வேண்டும், கோல்டு 90, பிளாட்டினம் 92. அவ்வளவுதான். வோல்ட் எவ்வளவு நிலையாக நிற்கிறது, பாதுகாப்புச் சுற்று சரியாக வேலை செய்கிறதா, வெயில் நாளில் கேபினெட்டுக்குள் 40, 45 டிகிரி சூட்டில் என்ன ஆகும், இதையெல்லாம் அது பார்ப்பதில்லை. சோதனையே 23 டிகிரியை ஒட்டிய அறையில்தான் நடக்கிறது. பொதுவாகக் கோல்டு வாங்கப் பாடுபட்ட கம்பெனி மற்ற விஷயத்திலும் கொஞ்சம் அக்கறை காட்டியிருக்கும் என்று நம்பலாம், அது உத்தரவாதம் கிடையாது. நல்ல புரோன்ஸ் ஒன்று அரைகுறைக் கோல்டை விட எவ்வளவோ மேல். சைபெனெடிக்ஸ் என்று இன்னொரு சோதனை நிறுவனம் இருக்கிறது, திறனோடு சத்தத்தையும் அளந்து தரம் போடுகிறார்கள், அறிக்கையையும் எல்லோரும் பார்க்கும்படி வைக்கிறார்கள். நீங்கள் வாங்கப் போகும் மாடல் அதில் இருந்தால் கொஞ்ச நேரம் ஒதுக்கிப் படித்துவிடுங்கள்.

கேள்வி: ஆர்டிஎக்ஸ் 5090 வாங்கியிருக்கிறேன். அந்த 16 பின் கனெக்டர் உருகிப் போன படங்களைப் பார்த்துவிட்டு இன்னும் பெட்டியைப் பிரிக்கவே இல்லை. பயப்படுவது சரியா?

பதில்: கவனமாக இருப்பது சரி. ஏன் என்று எண்களை வைத்தே சொல்கிறேன்.

பழைய எட்டு பின் கனெக்டருக்கு விதிமுறை கொடுத்த எல்லை 150 வாட். அதில் 12 வோல்ட் வருவது மூன்று பின்களில். 150-ஐ 12-ஆல் வகுத்தால் 12.5 ஆம்பியர், ஒரு பின்னுக்குச் சுமார் 4.2. அந்தப் பின்னோ ஏழெட்டு ஆம்பியர் வரை தாங்கும், ஆக கிட்டத்தட்ட இரண்டு மடங்கு இடைவெளி இருந்தது. கொஞ்சம் தளர்வாகச் செருகினாலும் பிழைத்துக்கொண்டோம். இப்போது 16 பின்னுக்கு வாருங்கள். அதில் பெரிய பின்கள் 12, அவற்றில் ஆறுதான் 12 வோல்ட், மற்ற ஆறு தரை, அதாவது மின்சாரம் திரும்பிப் போகும் கிரவுண்ட். மீதி நான்கு பொடிப் பின்கள் கார்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் பேசிக்கொள்வதற்கு. உங்கள் கார்டு 575 வாட், அதாவது சுமார் 48 ஆம்பியர், பின்னுக்கு 8. தாங்கும் அளவு சுமார் 9.5. இடைவெளி எவ்வளவு சுருங்கிவிட்டது பாருங்கள். ஆறில் இரண்டு பின் சரியாகப் பதியாமல் போனால் அந்தப் பங்கையும் சேர்த்து மற்ற நான்கும் சுமக்கும், ஒவ்வொன்றிலும் 12 ஆம்பியர். சூடேறி பிளாஸ்டிக் இளகுவது இப்படித்தான்.

2022 அக்டோபரில் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டு வந்த சில வாரங்களிலேயே இந்தப் புகார்கள் கிளம்பின. முழுக்கச் செருகாததுதான் பொதுவான காரணம் என்று என்விடியா அப்போது சொன்னது. 2023-இல் கனெக்டரைத் திருத்தினார்கள், 12வி-2எக்ஸ்6 என்று பெயர். பொடிப் பின்களை 1.5 மில்லிமீட்டர் குட்டையாக்கி, பெரிய பின்களைக் கால் மில்லிமீட்டர் நீட்டினார்கள். பாதி செருகிய நிலையில் பொடிப் பின்கள் தொடாது, தொடாவிட்டால் கார்டு முழு மின்சாரத்தைக் கேட்காது. நல்ல யோசனை, ஆனால் பின்களுக்கு இடையே சுமை ஒரே மாதிரி பிரிகிறதா என்பதை இதுவும் பார்ப்பதில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். 1000 வாட், ஏடிஎக்ஸ் 3.1, எஸ்எம்பிஎஸ்ஸோடு வந்த 16 பின் கேபிள். வண்ண வண்ணமாகத் தனியே விற்கும் கேபிள் வேண்டாம், வளைவுக்கு என்று விற்கும் குட்டி அடாப்டரும் வேண்டாம். கார்டைக் கேபினெட்டில் பொருத்துவதற்கு முன், மேசை மேல் வைத்து ஒருமுறை கேபிளைச் செருகிப் பழகுங்கள். கையில் எவ்வளவு அழுத்தம் தேவை, முழுக்கப் போய் உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று விரலுக்குத் தெரிந்துவிடும். பல கனெக்டர்களில் கிளிக் சத்தம் அவ்வளவாகக் கேட்காது, அதனால் காதை நம்பாமல் டார்ச் அடித்துப் பக்கவாட்டில் பாருங்கள், இரண்டு பிளாஸ்டிக்குக்கும் நடுவே நூலிழை இடைவெளிகூட இருக்கக் கூடாது. கனெக்டரை விட்டு 35 மில்லிமீட்டராவது நேராக வந்த பிறகுதான் கேபிள் வளையலாம். கண்ணாடிக் கதவை மூடும்போது கேபிள் நசுங்குகிறது என்றால் கேபினெட் சின்னது என்று அர்த்தம், கதவைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டுங்கள், அழுத்தி மூடாதீர்கள். சந்தேகத்தில் நாலு நாளைக்கு ஒருமுறை பிடுங்கிப் பார்ப்பதும் கூடாது, இந்தக் கனெக்டர் சுமார் 30 தடவை செருகி எடுக்கத்தான் வடிவமைக்கப்பட்டது. பெட்டியைப் பிரியுங்கள், நல்ல கார்டு அது.

கேள்வி: என் எஸ்எம்பிஎஸ்ஸில் கார்டுக்கான கேபிளே இல்லை. சேட்டா கனெக்டரை எட்டு பின்னாக மாற்றும் அடாப்டர் கிடைக்கிறது. போடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். சேட்டா பவர் கனெக்டரில் 12 வோல்ட்டுக்கு எல்லை 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட். எட்டு பின்னிலிருந்து கார்டு 150 கேட்கும். ஹார்டு டிஸ்குக்காகச் செய்த மெல்லிய தகடுகளில் மூன்று மடங்கு மின்சாரம் போனால் எரியும், எரிந்த படங்கள் எத்தனையோ இருக்கின்றன. கார்டுக்கான கேபிளே இல்லாத எஸ்எம்பிஎஸ், "என்னிடம் கார்டுக்குக் கொடுக்க எதுவும் இல்லை" என்று வாய் திறந்து சொல்கிறது.

மாற்ற முடியாத நிலை என்றால் கேபிளே கேட்காத கார்டு வாங்குங்கள். மதர்போர்டு ஸ்லாட்டிலிருந்து மட்டுமே 75 வாட் வரை எடுத்துக்கொள்ளலாம். ஆர்டிஎக்ஸ் 3050-இல் 6 ஜிபி மாடல் 70 வாட், ஸ்லாட்டே போதும். அதே பெயரில் இருக்கும் 8 ஜிபி மாடலுக்குக் கேபிள் வேண்டும், மாற்றி வாங்கிவிடாதீர்கள். அந்த 75 வாட் எல்லை விளையாட்டான விஷயம் இல்லை. 2016-இல் ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 480 வெளிவந்தபோது ஸ்லாட்டிலிருந்து அதைத் தாண்டி எடுக்கிறது என்று சோதனை செய்தவர்கள் கண்டுபிடித்து, ஏஎம்டி அவசர அவசரமாக டிரைவரில் திருத்தம் கொடுக்க வேண்டி வந்தது.

கேள்வி: சார், பெரிய தப்பு செய்துவிட்டேன். பழைய மாடுலர் எஸ்எம்பிஎஸ்ஸை (கேபிள்களைத் தனியாகக் கழற்றி மாட்டும் வகை) எடுத்துவிட்டுப் புதியது போட்டேன். கேபிள்கள் ஏற்கெனவே அழகாகக் கட்டியிருந்ததால் அவற்றை அப்படியே விட்டுவிட்டுப் புதியதில் செருகினேன், சரியாகப் பொருந்தியது. ஆன் செய்தவுடன் ஹார்டு டிஸ்க் போய்விட்டது. அப்பாவின் படங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. வேறு எங்கும் இல்லை.

பதில்: முதலில் முக்கியமானது: அந்த ஹார்டு டிஸ்கை இனி எதிலும் செருகி ஆன் செய்து பார்க்காதீர்கள். ஒருமுறைகூட வேண்டாம். இந்த மாதிரி விபத்தில் பெரும்பாலும் எரிவது டிஸ்கின் அடிப்பக்கத்தில் இருக்கும் பச்சைப் பலகை. படங்கள் இருக்கும் தட்டுகள் உள்ளே மூடி இருக்கின்றன, அவற்றுக்கு ஒன்றும் ஆகாமல் இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. டேட்டா ரெக்கவரி மட்டுமே தொழிலாகச் செய்கிறவர்களிடம் கொண்டு போங்கள், எஸ்எம்பிஎஸ் கேபிள் மாறி வோல்ட் தவறாகப் போய்விட்டது என்று நடந்ததை அப்படியே சொல்லுங்கள், அவர்களுக்கு வேலை சுலபமாகும். அதே மாதிரிப் பலகை ஒன்றை வாங்கி நீங்களே மாற்ற முயல வேண்டாம். ஒவ்வொரு டிஸ்குக்கும் உரிய தகவல் அந்தப் பலகையில் ஒரு சிப்பில் இருக்கும், அதையும் மாற்றிப் பொருத்தினால்தான் டிஸ்க் பேசும்.

இதில் உங்களை நீங்களே நொந்துகொள்ளாதீர்கள். கார்டு பக்கமும் டிஸ்க் பக்கமும் இருக்கும் கனெக்டருக்கு உலகம் முழுக்க ஒரே விதிமுறை. எஸ்எம்பிஎஸ் பக்கம் இருக்கும் முனைக்கு அப்படி ஒரு பொது விதி கிடையாது. ஒரு கம்பெனி 12 வோல்ட் வைத்த துளையில் இன்னொரு கம்பெனி 5 வோல்ட்டையோ தரையையோ வைத்திருக்கும், வடிவம் மட்டும் ஒன்றாக இருக்கும். ஒரே கம்பெனியின் இரண்டு மாடலுக்குள்ளேயே மாறுவது உண்டு. பொருந்துகிற பொருள் சரியாகத்தான் இருக்கும் என்று யாரும் நினைப்பார்கள். மற்ற வாசகர்களுக்கும் சொல்கிறேன்: எஸ்எம்பிஎஸ் மாற்றினால் கேபிள் அத்தனையும் கழற்றி, பழைய பெட்டியிலேயே போட்டு, மாடல் பெயரை எழுதி வையுங்கள். என் வீட்டில் ஒவ்வொரு எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிளும் தனித்தனித் துணிப்பையில், பெயர் எழுதிய அட்டையோடு இருக்கிறது. படங்கள் கிடைத்ததா என்று எனக்கு அவசியம் எழுதுங்கள்.

கேள்வி: அலுவலகத்தில் பயன்படுத்திய சின்ன பிராண்டட் கம்ப்யூட்டர் ஒன்று கிடைத்திருக்கிறது. எஸ்எம்பிஎஸ் மாற்றி கார்டு போடலாமா?

பதில்: திறந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். இந்த வகையில் பல கம்ப்யூட்டர்களின் மதர்போர்டுக்குப் போவது வழக்கமான 24 பின் இல்லை, அந்தக் கம்பெனிக்கே உரிய 6 அல்லது 8 பின். எஸ்எம்பிஎஸ்ஸின் உருவமும் வேறு. கடையில் கிடைக்கும் ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ் 150 மில்லிமீட்டர் அகலம், 86 உயரம், அதற்கு இடமே இருக்காது. குட்டை உயரக் கார்டு, 75 வாட்டுக்குள், அதுதான் இதற்குச் சரி.

கேள்வி: வீட்டிலேயே ஏஐ மாடல்கள் ஓட்டிப் பார்க்க பழைய ஆர்டிஎக்ஸ் 3090 இரண்டு வாங்கியிருக்கிறேன். 1000 வாட் போதுமா? ஏற்கெனவே இருக்கும் 650 வாட்டையும் சேர்த்து இரண்டு எஸ்எம்பிஎஸ்ஸாகப் போடலாமா?

பதில்: 3090 ஒன்று 350 வாட், இரண்டு 700. பிராசசருக்கு 150, மற்றவைக்கு 75 என்றால் 925 ஆகிவிட்டது. அதோடு 3090 பாய்ச்சலுக்குப் பெயர் போன கார்டு, இரண்டும் ஒரே கணத்தில் பாய்ந்தால் 1000 வாட் அணையத்தான் செய்யும். அப்படியே முழு வேகத்தில் ஓட்ட வேண்டும் என்றால் 1200-க்குக் கீழே யோசிக்காதீர்கள், 1300 இன்னும் நிம்மதி.

ஆனால் உங்கள் வேலைக்கு முழு வேகம் தேவையே இல்லை என்று நினைக்கிறேன். மொழி மாடல் பதில் சொல்லும்போது பெரும்பாலும் காத்திருப்பது கார்டின் மெமரி வேகத்துக்காக. ஒவ்வொரு கார்டையும் 250, 270 வாட்டுக்குக் கட்டுப்படுத்தினால் வேகம் கொஞ்சம்தான் குறையும், சூடும் சத்தமும் நன்றாகக் குறையும். லினக்ஸ் என்றால் என்விடியா எஸ்எம்ஐ கட்டளை ஒன்றிலேயே வேலை முடிந்துவிடும், மறுபடி ஆன் செய்யும்போது பழையபடி ஆகிவிடும் என்பதால் தானாக ஓடும்படி எழுதி வையுங்கள். அப்படிச் செய்தால் நல்ல 1000 வாட் போதும். இரண்டு எஸ்எம்பிஎஸ் யோசனையை விட்டுவிடுங்கள். ஒரு கார்டுக்கு ஸ்லாட்டில் ஒரு எஸ்எம்பிஎஸ், கேபிளில் இன்னொன்று என்று வரும். ஒன்று முன்னால் ஆன் ஆகி இன்னொன்று தாமதித்தால் என்ன ஆகும் என்று சோதித்துப் பார்க்கிற அளவுக்குக் கார்டு மலிவான பொருள் இல்லை.

கேள்வி: புது எஸ்எம்பிஎஸ்ஸில் ஃபேன் சுற்றவே இல்லை. திருப்பிக் கொடுக்கட்டுமா?

பதில்: பொறுங்கள். பல நல்ல மாடல்களில் லோடு குறைவாக இருக்கும்போது ஃபேன் நின்றுவிடும், சத்தம் வராமல் இருக்க. பின்பக்கம் அதற்கென்று ஒரு பட்டன் இருக்கிறதா பாருங்கள். கேம் ஒன்றை அரை மணி நேரம் ஓட்டியும் சுற்றவில்லை, பெட்டியும் கை வைக்க முடியாமல் சுடுகிறது என்றால் திருப்பிக் கொடுங்கள்.

கேள்வி: 600 விஏ யுபிஎஸ் இருக்கிறது. 650 வாட் எஸ்எம்பிஎஸ்ஸோடு ஓடுமா?

பதில்: 600 விஏ என்பது 600 வாட் இல்லை. இந்த அளவு யுபிஎஸ்களில் நிறைய 360 வாட் மட்டுமே தருகின்றன, பின்பக்கம் எழுதியிருக்கும். உங்கள் கம்ப்யூட்டர் உண்மையில் எவ்வளவு இழுக்கிறது என்பதுதான் கணக்கு. கேம் நடுவில் மின்சாரம் போகும்போது 400 வாட் இழுத்துக்கொண்டிருந்தால் யுபிஎஸ் கத்திவிட்டு அணைந்துவிடும். அதைவிட அதிகம் பேருக்குத் தெரியாத ஒன்று, விலை குறைந்த யுபிஎஸ்கள் பேட்டரியில் ஓடும்போது கொடுக்கும் மின்சாரம் சுவரில் வருவது மாதிரி வழவழப்பான அலையாக இருக்காது, படிக்கட்டு மாதிரி வெட்டி வெட்டி இருக்கும். இன்றைய எஸ்எம்பிஎஸ்களில் சில அதை ஏற்காமல் அணைந்துகொள்ளும். வாங்கும்போது பியூர் சைன்வேவ் என்று கேட்டு வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை.

கேள்வி: வணக்கம். என் மகன் கல்லூரியில் படிக்கிறான். பகுதி நேர வேலை பார்த்துச் சேர்த்த காசில் ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டி கார்டும் ரைசன் 7 7800எக்ஸ்3டி பிராசசரும் வாங்கிவிட்டான். இப்போது 850 வாட் எஸ்எம்பிஎஸ்தான் வேண்டும், அதற்கு மட்டும் நீங்கள் உதவுங்கள் என்கிறான். வெறும் பவர் டப்பாவுக்கு இவ்வளவு செலவா என்று இருக்கிறது. அவன் சொல்வது நியாயமா?

பதில்: வணக்கம் அம்மா. உங்கள் மகன் நல்ல கார்டு, நல்ல பிராசசர் பார்த்து எடுத்திருக்கிறார். கார்டு 304 வாட். பிராசசரில் 120 என்று எழுதியிருந்தாலும் உச்ச வரம்பு 162, கேம் ஓடும்போது அதற்கும் வெகு கீழேதான் நிற்கும். மற்றவைக்கு 75 சேர்த்தால் மொத்தம் 541. நான் வழக்கமாக இதன் மேல் மூன்றில் ஒரு பங்கு கூட்டிக்கொள்வேன், பாய்ச்சலுக்கும் வயதாவதற்கும் சேர்த்து. 720 வருகிறது. ஏஎம்டியும் இந்தக் கார்டுக்கு 750 என்றுதான் சொல்கிறது. ஆகவே நல்ல 750 வாட் போதும், 850 கட்டாயம் இல்லை. ஒரே மாடலில் இரண்டுக்கும் விலை வித்தியாசம் சொற்பமாக இருந்தால் அவர் கேட்டதையே வாங்கிக் கொடுங்கள், அடுத்த கார்டுக்கும் அது உதவும். வித்தியாசம் அதிகம் என்றால் 750-ஐ எடுத்து, மிச்சத்தை நீண்ட வாரண்டி உள்ள மாடலுக்குக் கொடுங்கள்.

அவர் வாங்கியது இரண்டு எட்டு பின் உள்ள கார்டா, மூன்றா, 16 பின்னா என்று ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள், அந்தக் கார்டு எல்லா விதத்திலும் வருகிறது. அதற்கு ஏற்ற கேபிள் எஸ்எம்பிஎஸ் பெட்டிக்குள்ளேயே இருக்க வேண்டும். பெட்டியின் பின்பக்கம் எந்தக் கேபிள் எத்தனை என்று படமாகவே அச்சடித்திருப்பார்கள், காசு கொடுக்கும் முன் அவரும் நீங்களும் அதை எண்ணிப் பார்த்துவிடுங்கள்.